உருப்படி ஒன்று

பச்சை வண்டி என்று நாங்கள் சொல்லும் பஸ்ஸின் படிக்கட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அதை ஓட்டுகிற கம்பெனியின் முதலாளிக்குத் தெரியாது. அவர் காரில் போகிறவர். எனக்குத் தெரியும். என் முழங்காலுக்கு மேலே நான்கு விரற்கடை. சுந்தரபாண்டியபுரத்தில் நான் போஸ்ட்மாஸ்டராக இருந்த ஆறு வருஷமும், காலை ஏழேகாலுக்குத் தபால் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிக்கட்டின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வயசாளிகள் அதில் ஏறப் படுகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் வந்த கோபமெல்லாம் பேனாவுக்குள் போய்விடும். மேலிடத்துக்கு மூன்று மனு எழுதினேன். மூன்றையும் நானே முத்திரை குத்தி அதே பச்சை வண்டியில்தான் அனுப்பினேன். பதில் வரவில்லை.

வண்டி சுரண்டையிலிருந்து வரும். எங்கள் ஊரில் நின்று, தென்காசி போய், சீசன் மாதங்களில் குற்றாலம் வரைக்கும் போகும். மெயின் ரோட்டோடு போகிற போட்டிக் கம்பெனியின் சிவப்பு வண்டி தென்காசியில் நிற்கும் குற்றாலத்துக் கூட்டத்தை அள்ளுவதற்கு முன்னால் இது போய் அள்ள வேண்டும். அதனால் எப்போதும் அவசரம். கண்டக்டர் சிவசைலம், ஏறுகிற கடைசி ஆளின் கால் தரையை விடுவதற்குள் விசில் ஊதிவிடுவான்.

வண்டியின் பின்புறம், கூரைக்கு ஏறும் இரும்பு ஏணியின் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு வரி எழுதியிருக்கும்: ‘ஏணியில் ஆள் நிற்கும்போது விசில் ஊதக் கூடாது.’ அந்த வரி முதலில் கிடையாது. ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மழையில், எங்கள் ஊர் நிறுத்தத்தில், வத்தல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் நின்றான் லோடுமேன் சங்கிலிப்பாண்டி. சிவசைலம் பார்க்காமல் விசில் ஊதினான். வண்டி நகர்ந்தது. ஆள் விழுந்தான். பின்சக்கரம் இடது காலில் ஏறி இறங்கிற்று. ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கம்பெனி அவனைக் கைகழுவிவிட்டு, ஏணிக்குப் பக்கத்தில் அந்த வரியை எழுதிப் போட்டது. அன்றிலிருந்து ஏணியில் கால் வைக்கிற லோடுமேன், “ஏணில ஆளு!” என்று ஒரு சத்தம் கொடுப்பான். அந்தச் சத்தம் கேட்டால் விசிலும் கிடையாது, கியரும் கிடையாது.

நான் சொல்லப்போவது அறுபத்தொன்றாம் வருஷத்து ஆனி மாதக் கதை. சங்கிலிப்பாண்டிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. நாலு வருஷமாக வீட்டில் கிடந்தான் என்று யாராவது சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவன் கிடக்கவில்லை. குடை ரிப்பேர் கற்றுக்கொண்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரிலுள்ள ஓட்டைக் குடைகளைப் பிரித்துப் போட்டு, கெடுத்துக் கெடுத்துக் கற்றான். அவன் கெடுத்ததில் என் குடையும் ஒன்று.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் குடை மடங்காத ஆள் கிடையாது. மலைக்காற்று அப்படி. அங்கே கடைவீதியில் நேந்திரங்காய் வறுத்து விற்கிற கடையநல்லூர் முகம்மது மீரான், சங்கிலிப்பாண்டியைப் பழைய நாளிலிருந்து அறிந்தவர். கடை வாசலில் உட்கார இடம் தருவதாகச் சொல்லியனுப்பினார். ஆனி பத்தாம் தேதிக்குள் வந்து உட்கார வேண்டும். அதற்கு மேல், செங்கோட்டைக்காரன் ஒருத்தன் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், நிறுத்தி வைக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார். மூன்று மாதச் சீசனை வைத்து வருஷத்தை ஓட்டிவிடலாம். அதுவரைக்கும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன அவன் பெண்டாட்டி மாடத்தியின் கூலியில்தான் இரண்டு வயிறும் நிறைந்தது.

ஆனி ஏழாம் தேதி காலையில், கவட்டைக் கம்பை அக்குளில் ஊன்றிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தான். தோளில் குடைச் சாமான் பை. பின்னால் மாடத்தி. பக்கத்தில், தென்காசிக்குக் கண் காட்டப் போக வேண்டிய உலகம்மாள் ஆச்சி. ஆச்சிக்கு எண்பது இருக்கும். படி ஏற முடியாமல் ஏற்கெனவே இரண்டு தடவை அந்த வண்டியைத் தவறவிட்டவள்.

வண்டி வந்தது. சுளுவாக ஏறக்கூடியவர்கள் ஏறினார்கள். நான் பையைக் கொடுத்தேன். சங்கிலிப்பாண்டி கம்பை மாடத்தியிடம் கொடுத்துவிட்டு, வாசல் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் எம்பினான். எட்டவில்லை.

“ஏலே சிவசைலம், ஒரு கை குடு.”

சிவசைலம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு வருஷத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

“அண்ணாச்சி, கூட்டம் நெரியுது. பத்து மணி வண்டில சாவகாசமா வாருமே.”

“பத்து மணி வண்டி தென்காசியோட நின்னுருதுல்லா. நான் குத்தாலம் போணும்.”

“ஒரு உருப்படிக்காவ அம்பது பேரைக் காக்கப் போட முடியுமா? கம்பிய விடும்வே, டைமாவுது.”

உருப்படி என்பது லோடுமேன்களின் சொல். மூட்டையோ கூடையோ பெட்டியோ, கூரையில் ஏறுகிற எல்லாமே அவர்களுக்கு உருப்படிதான். சங்கிலிப்பாண்டியே ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். சிவசைலம் விசில் ஊதினான். கை வழுக்கிச் சங்கிலிப்பாண்டி சேற்றில் உட்கார்ந்தான். ஆச்சிக்கும் வண்டி தவறிப் போயிற்று. மாடத்தி வண்டியின் புகைக்குள் நின்று, அந்தக் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். எனக்கு அவள் திட்டு போதாது என்று பட்டது.

எட்டாம் தேதியும் இதே கதைதான். ஒன்பதாம் தேதி அவன் ஏறவே முயலவில்லை. படிக்கட்டின் பக்கத்தில் கம்பைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு சும்மா நின்றான். மடியிலிருந்து கத்தியை எடுத்துக் கம்பில் என்னவோ செய்தான். வண்டி போனதும் திரும்பி நடந்தான். ஆள் மனசு விட்டுப் போனான் என்று நினைத்தேன். எனக்கு அன்று முழுக்க முத்திரை நேராக விழவில்லை.

சாயங்காலம் ஆபீசைப் பூட்டிவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். குற்றாலத்துப் பக்கம் மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. அங்கிருந்து வந்த காற்றில் எங்கள் ஊர் வரைக்கும் ஈரம். மாடத்தி நடவு முடிந்து வந்து, கணுக்கால் சேறு காயாமலேயே கொள்ளை வறுத்துக் காணத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கஞ்சி கொதித்தது. சங்கிலிப்பாண்டி தரையில் உட்கார்ந்து மாம்பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஒரு பெட்டி உருவாகிக்கொண்டிருந்தது.

“வாங்கய்யா. இருந்து கஞ்சி குடிச்சிட்டுப் போங்க.”

“கஞ்சி கெடக்கட்டும் சங்கிலி. நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. நாளைக்கு நான் தபால் பையோட ஆபீசுக்குள்ளயே உக்காந்துக்கிடுதேன். சர்க்கார் பை. அது ஏறாம வண்டிய எடுக்க முடியாது. நீ மெள்ள ஏறி உக்காந்த பொறவு நான் வெளிய வாரேன். எப்பிடி?”

எனக்கு என் மூளையை நினைத்து ரொம்பப் பெருமையாக இருந்தது. அவன் ஆணி அடிப்பதை நிறுத்தவில்லை.

“வேண்டாங்கய்யா.”

“ஏம்லே வேண்டாம்?”

“நீங்க இருக்க வரைக்கும் ஏறுவேன். நாளைக்கே உங்கள வேற ஊருக்கு மாத்திட்டா? புதுசா வாரவர்ட்ட போயி, ‘அய்யா, நான் பஸ் ஏறணும், கொஞ்சம் மொள்ளமா வாங்க’ன்னு கும்பிட்டுட்டு நிக்கச் சொல்லுதியளா?”

“நான் முதுகுல தூக்கி ஏத்துதேன்னேன்யா. அதுக்கும் மாட்டேங்காவ.” மாடத்தி துவையலை வழித்துக்கொண்டே சொன்னாள்.

“நீ இங்கன ஏத்தி விட்ருவ. குத்தாலத்துல எறக்கி விட யாரு, உங்க அண்ணனா வருவான்? நானா ஏறணும்ட்டி. நானா எறங்கணும்.”

மாடத்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அந்தச் சவத்து வண்டி ஒரு காலத் தின்னுட்டு. மிச்சம் இருக்க காலயும் கொண்டு போயி அதுக்குக் குடுக்கணுமாக்கும்? நான் கேட்டனா? குடையும் வேண்டாம், குத்தாலமும் வேண்டாம். நான் கஞ்சி ஊத்த மாட்டேன்னா சொன்னேன்?”

“நீ ஊத்துவ. நாலு வருசம் ஊத்திட்ட. அதான் எனக்குத் தொண்டைல எறங்கல.” அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். “காலுதானட்டி போச்சு? கை ரெண்டும் மூட்டை தூக்குன கை. அதுக்கு ஒண்ணும் வரல.”

பிறகு கவட்டைக் கம்பை எடுத்து என்னிடம் காட்டினான். அதில் இரண்டு வெட்டுகள் இருந்தன.

“மேல உள்ளது பஸ் படி. கீழ உள்ளது அதுல சரிபாதி. பெட்டி இந்தப் பாதி ஒசரம். சாமானும் உள்ள கெடக்கும், எனக்குப் படியாவும் ஆகும்.”

“சரி, நீ பெட்டி மேல ஏறி பஸ்ஸுக்குள்ள போயிருவ. பெட்டி ரோட்டுலல்லா கெடக்கும்? அதுக்குள்ள அவன் விசில ஊதிருவானே.”

“ஊத மாட்டான். பெட்டிக்கு லக்கேஜ் சீட்டுப் போடச் சொல்லுவேன். சீட்டுப் போட்ட உருப்படிய லோடுமேன்தான் ஏத்தணும், எறக்கணும். ஏத்திட்டு அவன் ஏணிய விட்டு எறங்குத வரைக்கும் விசில் கெடையாது. குத்தாலத்துல முதல்ல பெட்டிய எறக்கி வாசலுக்கு நேர வப்பான், நான் அதுல கால் வச்சு எறங்குவேன்.” அவன் சிரித்தான். “ஆளுக்கு நிக்காத வண்டி சாமானுக்கு நிக்கும்யா. பன்னெண்டு வருசம் பாத்தவன்லா நான்.”

நான் கஞ்சியை இருந்து குடித்துவிட்டே வந்தேன்.

பத்தாம் தேதி காலையில் சாரல் எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. பொடித் தூற்றல். உலகம்மாள் ஆச்சியும் மறுபடி நிறுத்தத்துக்கு வந்திருந்தாள். பச்சை வண்டி நிரம்பி வழிந்தது. கூரையில் அன்னாசிக் கூடைகளுக்கு நடுவே புது லோடுமேன் மாடன் குந்தியிருந்தான். சங்கிலிப்பாண்டி பெட்டியைப் படிக்கட்டுக்கு நேரே தரையில் வைக்கச் சொன்னான். மாடத்தி வைத்தாள். 

“சிவசைலம், லக்கேஜ் ஒண்ணு எழுது.”

சிவசைலம் பெட்டியைப் பார்த்தான். கம்பைப் பார்த்தான். அவனும் பழைய ஆள்தானே, ஒரு நொடியில் பிடித்துக்கொண்டான்.

“இத்தினிக்காணு பெட்டிக்கு எதுக்கு லக்கேஜ்? ஓசிலயே வரட்டும்.”

“ஓசி வேண்டாம். ரூல்படி எழுது. உருப்படி ஒண்ணு.”

“கைப்பெட்டிக்கெல்லாம் சீட்டுக் கெடையாதுவே.” சொல்லிக்கொண்டே அவன் குனிந்து பெட்டியைத் தூக்கி வாசல் வழியாக உள்ளே தள்ளிவிட்டான். அது யாரோ காலில் இடித்தது. “பெட்டி ஏறிட்டு. இனி நீரு ஏற முடிஞ்சா ஏறும்.”

விசிலை வாயில் வைத்தான்.

 குடைக் கம்பி, துணி, ஊசி, இடுக்கி எல்லாம் அந்தப் பெட்டிக்குள். பெட்டி வண்டிக்குள். அவன் வெளியே. அன்றைக்குத்தான் கெடு. வண்டி போனால் பிழைப்பே அதோடு போய்விடும்.

சங்கிலிப்பாண்டி கம்பை ஊன்றி இரண்டு தாவில் வண்டியின் பின்புறம் போனான். கம்பைக் கீழே போட்டான். ஏணியை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்து, உடம்பை மேலே இழுத்து, ஒற்றைக் காலை முதல் கம்பியில் வைத்தான். மறுபடி இழுத்தான். இரண்டாவது கம்பி. மூன்றாவது கம்பி. விழுந்தானே, அதே ஏணி. அங்கே நின்றுகொண்டு, சுரண்டைக்கே கேட்கும்படி கத்தினான்.

“ஏணில ஆளு!”

விசில் வாயிலேயே நின்றுவிட்டது. டிரைவர் கியரிலிருந்து கையை எடுத்துவிட்டார். பழக்கம் அப்படி.

“எய்யா, எறங்கிரும்! எறங்கிரும்னு சொல்லுதேன்லா!” மாடத்தி ஓடிவந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். காலைப் பிடித்தவள் பிறகு விடவில்லை, தாங்கிக்கொண்டாள்.

சிவசைலம் பின்னால் வந்தான். 

“என்னவே இது? எறங்கும். கம்பெனில எனக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும்.”

“பெட்டிக்கு லக்கேஜ் எழுத மாட்டேன்னுட்ட. அப்ப என்னைய எழுது. அன்னைக்கு நீதானலே சொன்ன, உருப்படின்னு? எழுது. உருப்படி ஒண்ணு, உசுருள்ளதுன்னு எழுது.”

“வெளையாடாதீரும்.”

“வெளையாடுதனா? அந்தா எழுதியிருக்கே, வாசி. சத்தமா வாசிலே. ஏணியில் ஆள் நிற்கும்போது. அந்த வரி எங்கேருந்து வந்துச்சு? என் காலக் குடுத்து வாங்குன ரூலு அது. உங்க மொதலாளி பெயிண்டுக்குத்தான் துட்டுக் குடுத்தாரு. மிச்சத்த நான் குடுத்தேன்.”

வண்டிக்குள் சலசலப்பு. ஜன்னல் வழியாக ஒரு வெள்ளைவேட்டி தலையை நீட்டிற்று. “யோவ் கண்டக்டர், அந்த நொண்டியப் புடிச்சு எறக்கிட்டு வண்டிய எடுய்யா. அருவில கூட்டம் சேந்துரும்.”

“வந்து எறக்கிப் பாரும்!” மாடத்தி திரும்பினாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. “நீரு குளிக்கப் போறேரு. அவுக பொழைக்கப் போறாவ. வாரும், கீழ எறங்கி வந்து தொட்டுப் பாரும்!”

வெள்ளைவேட்டி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கூரையிலிருந்து மாடன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு இருபது வயசுதான் இருக்கும். அவன் தினமும் அந்த ஏணியில் உயிரோடு ஏறி இறங்குவது யாரால் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். வாயைக் குவித்து அவனும் கத்தினான்.

“ஏணில ஆளு!”

அடுத்தாற்போல் கீழேயிருந்து நடுங்குகிற குரலில் இன்னொரு சத்தம் வந்தது. உலகம்மாள் ஆச்சி. “ஏணில ஆளுலே! காது கேக்கலியா?”

சிவசைலம் என்னிடம் ஓடிவந்தான். “அய்யா, தபாலு லேட்டாவுது. சர்க்கார் பை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஆறு வருஷமாகப் பேனாவுக்குள் போய்க்கொண்டிருந்த கோபம் அன்றைக்கு வாய் வழியாக வந்தது. “தபாலு நிக்கட்டும்லே! ஏன் லேட்டுன்னு கேட்டா நான் எழுதிக்கிடுதேன். பஸ்ஸுல ஏற வந்த ஆளை ஏத்தலன்னு எழுதுவேன். உன் பேரையும் எழுதுவேன்.” சொல்லிவிட்டு நானே பயந்துபோனேன். ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

சிவசைலம் ஏணிக்கே திரும்பிப் போனான். தூற்றல் வலுத்தது. சங்கிலிப்பாண்டியின் கை இரண்டும் ஏணியில் இறுகி, நரம்பு புடைத்திருந்தது. அந்த ஒற்றைக் கால் நடுங்குவதை மாடத்தியின் கைக்குள்ளேயே நான் பார்த்தேன்.

“அண்ணாச்சி, விழுந்துருவேரு.” சிவசைலத்தின் குரல் இறங்கிவிட்டது. “மழைவே. ஏணி வழுக்கும். எறங்கும்.”

“விழுந்தா என்ன? புதுசா? அன்னைக்கும் மழைதான். அன்னைக்கு ஊதுனேல்லா? இன்னைக்கும் ஊது. விசில் கழுத்துலதான கெடக்கு. ஊதுலே!”

சிவசைலத்தின் கை விசிலுக்குப் போகவில்லை. அவன் முதல் தடவையாகச் சங்கிலிப்பாண்டியின் முகத்தை அண்ணாந்து பார்த்தான். முகத்தில் தூற்றல் விழ விழப் பார்த்துக்கொண்டே நின்றான். “தெரியாம ஊதிட்டேன் அண்ணாச்சி,” என்றான். “நாலு வருசமா அந்தச் சத்தந்தான் காதுக்குள்ள கெடக்கு. உம்ம இந்த வண்டில ஏத்திட்டுத் தெனமும் எப்பிடிப் பாப்பேன்னுதான்...”

“உனக்குப் பாக்க முடியலன்னா நான் நடந்து போகணுமாலே? எங்க இருக்கு எனக்குக் காலு?”

 

சிவசைலம் வாசலுக்குப் போனான். உள்ளே கையை விட்டுப் பெட்டியை வெளியே எடுத்தான். படிக்கட்டுக்கு நேரே, தரையில் அசையாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்து வைத்தான். பிறகு லக்கேஜ் புத்தகத்தை எடுத்து, மழை படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுதினான். எழுதினதைக் கிழித்து மாடத்தியிடம் கொடுத்தான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, என்னிடம் நீட்டினாள். ‘மரப்பெட்டி. உருப்படி ஒன்று. குற்றாலம்.’ வாசித்துச் சொன்னேன். 

அப்புறந்தான் சங்கிலிப்பாண்டி ஏணியிலிருந்து இறங்கினான். மாடன் மேலேயிருந்து குதித்து வந்து கம்பை எடுத்துக் கொடுத்தான். பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றவன் ஏறவில்லை.

“ஆச்சி, நீ மொதல்ல ஏறு.”

“நீ ஏறுய்யா. உனக்குல்லா சீட்டு எழுதியிருக்கு.”

“பெட்டி என்னுது ஆச்சி. அதுல நீயும் ஏறலாம். ஏறு.”

உலகம்மாள் ஆச்சி பெட்டியில் ஒரு கால், படியில் ஒரு கால் என்று வைத்தாள். இத்தனை தடவை தவறவிட்ட வண்டிக்குள் இரண்டே எட்டில் போய்விட்டாள். போகிற போக்கில் சிவசைலத்தின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

அப்புறம் சங்கிலிப்பாண்டி. கம்பைப் பெட்டியில் ஊன்றினான். காலை வைத்தான். கம்பியைப் பிடித்தான். படிக்கு ஏறினான். சிவசைலம் கையை நீட்டினான். அவன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை, தட்டிவிடவும் இல்லை. தானாகவே ஏறி உள்ளே போனான். ஜன்னலோரம் இருந்த வெள்ளைவேட்டி எழுந்து இடம் கொடுத்தது. இவன் அதில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி மாடத்தியைப் பார்த்தான்.

“நடவுக்கு நேரமாச்சுட்டி. போ.”

“வாரப்ப?”

“பெட்டி கூட வருதுல்லா.”

மாடன் பெட்டியைத் தோளில் வைத்தான். ஏணியில் கால் வைக்கும்போது, “ஏணில ஆளு!” என்றான். அன்று அவன் கொடுத்த சத்தம் தேவைக்கு மேலேயே பெரிதாக இருந்தது. பெட்டியை அன்னாசிக் கூடைகளுக்கு நடுவே அண்டைகொடுத்து வைத்துவிட்டு இறங்கினான். வண்டி பதினெட்டு நிமிஷம் லேட். 

சிவசைலம் படியில் ஏறி நின்றான். விசிலை வாயில் வைத்தான். வைத்தவன் ஊதவில்லை. எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

“ஊதட்டுமா அண்ணாச்சி?”

சங்கிலிப்பாண்டி, ஆச்சி உட்கார்ந்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தான். ஏணியில் யாரும் இல்லையே என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். மாடத்தி வண்டிக்கு விலகி நிற்கிறாளா என்று பார்த்தான். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

“இப்ப ஊதுலே.”